பீரோ ஆகாத பாட்டுப்பெட்டி

என் நாத்தனார் தெய்வநாயகி வாயைத் திறந்தால் ஒன்று கல்யாணம் முடிவாகும், இல்லையென்றால் கலகம் ஆரம்பமாகும். அந்தச் சித்திரையில் ஒரே உட்காரலில் இரண்டையும் முடித்துவிட்டாள்.

என் மகள் சின்னப்பாப்பாவைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருந்தாள். சொந்த அத்தை மகன், பையனும் நல்லவன், பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வைகாசியில் முகூர்த்தம் என்று பேசித் தாம்பூலமும் மாற்றியாயிற்று. வெற்றிலையை மென்றுகொண்டே தெய்வநாயகி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் நேராக என் தேக்குமரப் பாட்டுப்பெட்டி, அந்த ரேடியோகிராமின் மேல் போய் உட்கார்ந்தது.

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம் அண்ணே. நாம இன்னா அன்னியமா? ஒரே ஒரு பீரோ மட்டும் வச்சி அனுப்பிடு. எங்க தெருவுல மருமவ வந்தா பின்னாடியே பீரோ வரணும். அதான் இப்ப மரியாதி."

அண்ணன் என்றது என் வீட்டுக்காரர் அப்பாதுரையை. அவர் பேசுவதற்கும் கூலி கேட்கிற மனிதர். அவருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

"அதுக்கு இன்னா, செஞ்சிடலாம். புயல்ல சாஞ்ச பூவரசு தோட்டத்துல காஞ்சி கெடக்குது. சமையல்கட்டுக்குக் கதவு போடலாம்னு வச்சிருந்தேன். அதுலயே பீரோ செய்யச் சொல்றேன்."

"தேக்கு கண்ணெதிர்ல நிக்கும்போது பூவரசு எதுக்கு அண்ணி?" என்று ரேடியோகிராமைத் தாடையால் காட்டினாள். "பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல, சும்மாதான குந்திக்கினு இருக்குது? உள்ள இருக்கற கம்பி, இரும்பெல்லாம் புடுங்கிட்டு ரெண்டு பலகை அடிச்சி, கதவு வச்சா பீரோ. பாண்டிச்சேரில எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. கையில தூக்கினு போற டிரான்சிஸ்டர் வந்துட்டப்புறம் இத்த எவன் சீந்தறான்? சக்கரபாணி ஆசாரிய நானே அனுப்பறேன்."

நான் அப்பாதுரையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"எடுத்துக்கட்டும்" என்றார். "உயிர் போன ஒடம்புக்கு இன்னும் எதுக்குக் காவல்?"

 அந்தப் பெட்டியின் கதை தெரிந்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

கல்யாணத்துக்கு முன்னாலும் அப்புறமும் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தேன். மதாம் மத்தியானச் சாப்பாடு ஆனதும் ரேடியோகிராமில் ஒரு பிளேட் வைப்பாள். இடுப்புக்கு மேல் உயரம், கட்டில் அகலம், மூடியைத் தூக்கினால் ஒரு பக்கம் பிளேட்டைச் சுற்றவைக்கிற பாட்டுத்தட்டு, மறுபக்கம் ரேடியோ. பாஷை ஒரு எழுத்துப் புரியாது. ஆனால் அது பாடுகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் என்னை வேலை ஏவமாட்டார்கள். சமையல்கட்டு வாசலில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் ஆயுசில் நான் ராணியாக இருந்தது அந்த அரைமணி நேரந்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுவிட்டுக் கப்பலேறின காலத்தில் மதாமும் கிளம்பினாள். வேலைக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தோட்டக்காரர் சைக்கிளை எடுத்தார். துணி வெளுக்கிறவள் தையல் மெஷினை எடுத்தாள். நான் ரேடியோகிராமைக் கைகாட்டினேன். மரக்காணத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது கரண்டே கிடையாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "மொட்ட அடிச்சவளுக்கு சவுரி எதுக்கு?" என்று கிணற்றடியில் என் காது படவே சிரித்தார்கள். சிரிக்கட்டும். தாலி கட்டினவரைக்கூட என் மாமன்தான் பார்த்து முடிவு பண்ணினார். நானே கை நீட்டி, இது எனக்கு வேண்டும் என்று எடுத்தது இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

அப்பாதுரைதான் மாட்டுவண்டி கொண்டுவந்தார். வழி முழுக்கத் தன் மேல்துண்டால் பெட்டியைப் போர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தார். வீட்டில் இறக்கி வைத்ததும், "இத்த இன்னா செய்யணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உப்புக் காத்து ஏறாம பாத்துக்கணும். அவ்ளோதான்" என்றேன். தலையாட்டினார்.

கரண்ட் வருவதற்குச் சில வருஷங்கள் காத்திருந்தோம். வந்த அன்று நான் புதுச்சேரியில் வாங்கிவந்த நாகஸ்வர பிளேட்டை வைத்தேன். சிரித்தவர்கள் எல்லோரும் என் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். அப்புறம் புயல் வந்தது. ரேடியோ பக்கம் அதோடு மூச்சை விட்டது. பாட்டுத்தட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க ஆரம்பித்தது. நாகஸ்வர பிளேட் வைத்தால் ஈனமுடியாத மாடு கத்துகிற மாதிரி கேட்டது. கடைசியில் அதுவும் இல்லை. மோட்டார் உறுமும், தட்டு நகராது.

இப்போது அதை அறுத்துப் பீரோ செய்யவேண்டுமாம்.

"ஆசாரி என்னைக்கு வர்றாரு?" என்று தெய்வநாயகியைக் கேட்டேன்.

"வர்ற புதன்கிழமை."

"சரி. புதன்கிழமை வரைக்கும் பொட்டி எனுது. அதுக்குள்ள பாட வைக்கறேன். பாடிச்சின்னா ஒருத்தரும் அதும்மேல கை வைக்கக்கூடாது. பாடலைன்னா நானே எல்லாத்தையும் புடுங்கிப்போட்டுட்டு ஆசாரி கையில குடுக்கறேன்."

தெய்வநாயகி வெற்றிலை எச்சிலோடு சிரித்தாள். "செத்த மாடு பால் கறக்குமா அண்ணி? கறந்தா சொல்லியனுப்பு, சொம்பு எடுத்துனு வர்றேன்."

மறுநாள் காலையில் புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

ரேடியோ ரிப்பேர் செய்கிற மரியதாஸ் கடை எனக்குத் தெரியும். மதாம் வீட்டுப் பெட்டியை அந்தக் காலத்தில் அவர்தான் பார்த்துக்கொண்டார். கடை வாசலிலேயே எனக்குத் திக்கென்றது. மூன்று ரேடியோகிராம்கள் கதவும் இல்லாமல் மூடியும் இல்லாமல் வரிசையாக நின்றன. ஒன்றின் வயிற்றுக்குள் பழைய பேப்பர் கட்டு. இன்னொன்றில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

மரியதாஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உட்டுடும்மா" என்றார். "வால்வு கெடைக்கறது இல்ல. அந்தப் பழைய பிளேட்டை இப்ப எவனும் போடறதும் இல்ல. இதெல்லாம் வந்தது ரிப்பேருக்குன்னு நெனைக்கறியா? மரத்துக்கு வெல பேச வந்தது. நீ ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினு போ. நிம்மதியா இருப்ப."

"எனக்கு நிம்மதி வேணாம் அண்ணே. என் பொட்டி வேணும். வந்து ஒரு தரம் தொறந்து பாருங்க. செத்துடுச்சின்னு நீங்க உங்க வாயால சொன்னா ஒத்துக்கறேன்."

"அவ்ளோ தூரம் எவன் வர்றது? கடைய யாரு பாக்கறது?"

நான் கடைப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் வேலையைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். வாடிக்கைக்காரர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மத்தியானம் அவர் சாப்பிடப் போனார், திரும்பி வந்தார், நான் அங்கேயே இருந்தேன். சாயங்காலம் ஷட்டரை இழுக்கும்போது தலையில் அடித்துக்கொண்டார்.

"மாதா மேல ஆணையா உன்ன மாதிரி ஒரு பொம்பளைய நான் பாத்தது இல்ல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வர்றேன். எழுந்திரு, கடைசி பஸ் போயிடும்."

சொன்னபடி வந்தார். அப்பாதுரை உப்பளத்துக்குப் போயிருந்தார். சித்திரை வெயில் உப்புக்கு உத்தமம், ஞாயிறு திங்கள் பார்க்க முடியாது. நானும் சின்னப்பாப்பாவும்தான் வீட்டில் இருந்தோம்.

மரியதாஸ் மூடியைத் திறந்து பாட்டுத்தட்டை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தார். அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. ஓரம் முழுக்க ரப்பர். மோட்டார் அதைச் சுற்றுகிறது, அது தட்டைச் சுற்றுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம் என்று காட்டினார். அப்புறம் சக்கரத்தை விரலால் தடவினார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். அவர் முகம் மாறியது.

"இதுல எண்ண போட்டது யாரு?"

"எண்ணயா?"

"புன்ன எண்ண. நீயே மோந்து பாரு. ஒரு நாள் ரெண்டு நாள் போட்டது இல்லம்மா இது. வருசக்கணக்குல ஊறியிருக்குது. மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல, வால்வும் எரியுது, முள்ளும் நல்லா இருக்குது. இந்த ரப்பர் வழுக்குது, அதான் தட்டு சுத்தல. ரப்பர்ல எண்ண பட்டா பிடிமானம் ஏதும்மா?"

"வேற சக்கரம் போடுங்க."

"இருந்தா போடமாட்டேனா? கடையில இருக்கற மூணும் வேற வேற கம்பெனி. இது வர்றது நின்னு எத்தினி வருசம் ஆவுது!" சக்கரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இதுல இருக்கற எண்ண வெளிய வரணும். மேல சொரசொரப்பு வரணும். வந்தா ஓடும். கெரசின் மட்டும் தொடாத, ரப்பர் கரைஞ்சிடும். ரப்பரே நைஞ்சி போயிருந்தா அப்பால என்னாலயும் முடியாது, உன்னாலயும் முடியாது."

சக்கரத்தை எப்படித் திரும்ப மாட்டுவது என்று இரண்டு தடவை செய்து காட்டிவிட்டு, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் சின்னப்பாப்பாவின் பக்கம் திரும்பினேன். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. "தட்டைத் தூக்கி உள்ள எண்ண ஊத்தனது யாருடி? நீயா? தலைக்குத் தடவினது போதாதுன்னு பொட்டிக்கும் தடவினியா?"

அவள் என் கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

"இன்னாது?"

"அப்பாதாம்மா. புயலுக்கு அப்புறம் உள்ள துரு புடிச்சிருந்ததப் பாத்தாரு. அதுலேர்ந்து தெனம் அளத்துக்குப் போறதுக்கு முன்னாடி தட்டைத் தூக்கி எண்ண தடவிட்டுத்தான் போவாரு. உனக்கு முழிப்பு வராம மெதுவா செய்வாரு. நீதான் சொன்னியாம், உப்புக் காத்து ஏறாம பாத்துக்கணும்னு."

இதை வேறு ஊர்க்காரர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள். உப்பளத்தில் எதை எடுத்தாலும் எண்ணெய்தான். உப்பு வாரும் பலகைக்கு எண்ணெய், தண்ணீர் இறைக்கிற உருளைக்கு எண்ணெய், வீட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய். பாத்தியில் இறங்குவதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் முழங்கால் வரை எண்ணெய் தடவிக்கொண்டுதான் இறங்குவோம். இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் தோலைத் தின்றுவிடும். உப்பு தொடுகிற எதையும் எண்ணெய்தான் காப்பாற்றும் என்று பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்ட மனிதர் அவர். அவர் வேலை செய்கிற இடத்தில் மரம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, மனிதக் கால் இருக்கிறது. ரப்பர் கிடையாது.

இதெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு நிதானம் ஏது? வரட்டும் அந்த மனிதர், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

வந்தார். தோட்டத்துத் தொட்டியருகில் கல்லில் உட்கார்ந்து காலைக் கழுவினார். நான் பின்னாலேயே போனேன். வாயைத் திறந்தேன். கண்ணில் அவர் கால் பட்டது.

அந்தக் கால் எனக்குப் புதிது இல்லை. குதிகாலிலிருந்து கணுக்கால் வரை வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பேறிச் சிவந்து கிடக்கும். எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். வாராவாரம் சந்தையில் ஒரு புட்டி புன்னை எண்ணெய் வாங்கி மாடத்தில் வைப்பவள் நான்தான். வாரம் முடிவதற்குள் புட்டி காலி, கால் மட்டும் கருவாடு. "எண்ணய காலுக்குப் போடறீங்களா, இல்ல குடிக்கறீங்களா?" என்று கேட்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். நான் அவரைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கோபம் எங்கே போயிற்றென்று எனக்கே தெரியவில்லை.  அழுதால் காரணம் கேட்பார் என்று அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே ஓடினேன்.

அன்றைக்கு ஒன்றை முடிவு செய்தேன். இந்தப் பெட்டி பீரோ ஆகக்கூடாது. தன் எண்ணெய்தான் அதன் வாயை அடைத்தது என்று இந்த மனிதருக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் ஆசாரி வருவதற்கு முன்னால் இவரே சுத்தியலை எடுப்பார், அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பக்கம் தலை நிமிர்ந்து பார்க்கமாட்டார். சின்னப்பாப்பாவிடம் சத்தியம் வாங்கினேன்.

சரி, எண்ணெயை எப்படி எடுப்பது? இதற்கு மரியதாஸ் எதற்கு, மண்டையில் எண்ணெய் வைத்து முழுகுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியாதா? சீயக்காயைக் கரைத்துச் சக்கரத்தைத் தேய்தேய் என்று தேய்த்தேன். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மூன்று தண்ணீர் மாற்றினேன். நிழலில் உலர்த்தி, திங்கட்கிழமை மத்தியானம் அவர் அளத்தில் இருக்கும்போது மாட்டினேன். நாகஸ்வர பிளேட்டை வைத்து முள்ளை இறக்கினேன்.

பாடியது. சின்னப்பாப்பா கைதட்டினாள். அவள் தட்டி முடிப்பதற்குள் நாகஸ்வரம் இழுத்தது, இன்னும் இழுத்தது, பழைய மாடு மறுபடி கத்த ஆரம்பித்தது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பருக்குள் ஊறியிருந்த எண்ணெய் சூட்டில் மேலே கசிந்து வந்திருந்தது.

"உட்டுடும்மா" என்றாள் மகள். "எனக்காகத்தான இந்த ரோதன? அத்தகிட்ட பீரோவே வேணாம்னு சொல்லிடறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் அப்பா எத்தினி வருசமா ஊத்தன எண்ண. ஒரே முழுக்குல போயிடுமா?"

திரும்பவும் சீயக்காய். ஆனால் இந்தத் தடவை கழுவியதோடு விடவில்லை. ஒரு சட்டி நிறையக் காய்ந்த சீயக்காய்த்தூளைப் போட்டு, சக்கரத்தை அதற்குள் புதைத்து, வெயில் படுகிற கூரை ஓரத்தில் வைத்தேன். சூட்டில் எண்ணெய் கசியட்டும், கசியக் கசியத் தூள் குடிக்கட்டும் என்று கணக்கு. தூள் ஈரமாகிக் கட்டியானதும் கொட்டிவிட்டுப் புதுத்தூள் போட்டேன். செவ்வாய்க்கிழமை முழுவதும் இதே வேலை. வீட்டில் இருந்த சீயக்காய் தீர்ந்துபோய் இரண்டு வீட்டில் கடன் கேட்டேன். "பொண்ணுக்கு நலங்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

புதன்கிழமை காலையில் சட்டியைக் கவிழ்த்தேன். ரப்பர் கறுப்பு மாறிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் விரல் ஒட்டவில்லை, மினுமினுப்பும் இல்லை. கழுவித் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அதே நேரம் வாசலில் தெய்வநாயகியின் குரல். பின்னால் சக்கரபாணி ஆசாரி, தோளில் ரம்பம். அவள் கையில் நிஜமாகவே ஒரு சொம்பு. என் நாத்தனார் கிண்டல் செய்வதென்றால் அரைகுறையாகச் செய்யமாட்டாள்.

"கறந்தாச்சா அண்ணி?"

"குந்து. இன்னும் மடிய தொடல." ஆசாரியிடம் திரும்பினேன். "ஆசாரி, ரம்பத்த கீழ வைங்க. ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தா குடுங்க."

ஆசாரி சிரித்துக்கொண்டே பையிலிருந்து கிழித்துக் கொடுத்தார். "உப்பளத்துக்காரங்க வந்து என்கிட்ட உப்புத்தாள் கேக்கறது இதாம்மா மொத தரம்."

சக்கரத்தின் ஓரத்தைச் சுற்றிலும் மெதுவாகத் தேய்த்தேன். சொரசொரப்பு வந்தது. கடைசியாக ஒன்று மீதி இருந்தது. அளத்தில் கை வியர்த்துப் பலகைப் பிடி வழுக்கினால் குங்கிலியத்தைத் தூளாக்கித் தடவிக்கொள்வோம். அப்புறம் பிடி கையைவிட்டுப் போகாது. பலகையைப் பிடிக்கிற குங்கிலியம் தட்டைப் பிடிக்காதா? ஒரு சிட்டிகை எடுத்து ரப்பரில் தேய்த்து, ஊதிவிட்டு, சக்கரத்தை மாட்டினேன். தட்டை வைத்தேன்.  என் முகத்தை நாத்தனார் பார்க்கக்கூடாதென்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சுவிட்சைப் போட்டதும் தட்டு துள்ளிக்கொண்டு சுற்றியது. முள்ளை இறக்கினேன்.

நாகஸ்வரம் எழுந்தது. கல்யாணி ராகம். இழுப்பு இல்லை, முனகல் இல்லை, கோயில் வாசலில் நின்று வாசிக்கிற மாதிரி கணீரென்று வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இப்போது இழுக்கும், இப்போது இழுக்கும் என்று காத்திருந்தேன். இழுக்கவே இல்லை. தவில் சேர்ந்துகொண்டது. ஆசாரி தன்னை அறியாமல் தொடையில் தாளம் போட்டார். தெய்வநாயகி சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாவியைப் பாதியில் மறந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை எனக்கு இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்குமோ என்னவோ என்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

வாசல் இருட்டியது. அப்பாதுரை நின்றிருந்தார். ஆசாரி வருகிற நாள் என்பதால் அளத்திலிருந்து பாதியில் வந்திருக்கிறார். காலில் உப்புத்தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. பிளேட் முடிகிற வரைக்கும் அவர் அசையவில்லை. முடிந்ததும் மெதுவாக உள்ளே வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பாடுது" என்றார்.

அப்புறம் அவர் தங்கையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தொடர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"நான்தாம்மா, தெய்வநாயகி. புயலுக்கு அப்புறம் ஒரு நாள் உடாம உள்ள எண்ண போட்டேன். இவளுக்குக்கூடத் தெரியாது. சக்கரம், தட்டு, ஆணி ஒண்ணு உடல. நடுவுல நின்னு போச்சில்ல, அப்பவும் நிறுத்தல. உப்புக்கு எண்ணதான் மருந்துன்னு சும்மாவா சொன்னாங்க? லேட்டானாலும் வேலய காட்டிடுச்சி பாத்தியா!"

சின்னப்பாப்பா சட்டென்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே எது வருகிறதென்று தெரியவில்லை.

அப்பாதுரை நேராக மாடத்துக்குப் போனார். எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். மூடியைத் திருகிக்கொண்டே பெட்டியிடம் வந்து, தட்டைத் தூக்கக் கை நீட்டினார்.

ஒரே எட்டில் போய்ப் புட்டியைப் பிடுங்கினேன்.

"போதும். இத்தினி வருசமா வயிறு முட்டக் குடிச்சிடுச்சி. இனிமே ஒரு சொட்டு போட்டாலும் கக்கிடும். மேல மரத்த வேணா வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை தொடைங்க. உள்ள கை வைக்கக்கூடாது."

"உப்புக் காத்து ஏறிடுமே அமராவதி."

"காத்த நான் பாத்துக்கறேன். நீங்க குந்துங்க."

"எதுக்கு?"

"குந்துங்கன்றேன். கால நீட்டுங்க."

"இன்னா இது, தங்கச்சி எதிர்ல, ஆசாரி எதிர்ல..."

"யாரு எதிர்ல இருந்தா இன்னா? நீட்டுங்க."

உட்கார்ந்தார். நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஈரத்துணியால் உப்பைத் துடைத்தேன். எண்ணெயைக் கையில் ஊற்றி வெடிப்பில் வைத்ததும் பல்லைக் கடித்தார். ஊற்ற ஊற்ற அந்தத் தோல் குடித்துக்கொண்டே இருந்தது.

தெய்வநாயகி எழுந்து பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "அண்ணே, காலு இப்படியா இருக்குது உனக்கு?" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. கையிலிருந்த சொம்பை ஓரமாக வைத்தாள். "ஏம்பா ஆசாரி, தோட்டத்துல பூவரசு கெடக்குதாம். போய் அளவெடு. பீரோ அதுல ஆவட்டும்." பிறகு என் மகளிடம் சொன்னாள்: "சின்னப்பாப்பா, அந்த பிளேட்டத் திருப்பிப் போடு. மறுபக்கமும் கேக்கலாம்."

மறுபக்கமும் இழுக்காமல் ஓடியது. நான் தலை நிமிரவில்லை. புட்டியில் இருந்த எண்ணெய் முழுவதும் அந்த இரண்டு காலுக்கே சரியாகப் போயிற்று.